ராஜகுமாரியின் பாதங்களை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் பிரிண்டுகளையும் நெகடிவ்களையும் நாடாக்களையும் கைவசம் வைத்திருந்து, அவற்றைத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் விடுகிற அனைவருக்கும்,

1940களில் வந்த படங்களை அகலத்திரைக்குப் பொருந்தும்படி மேலும் கீழும் வெட்டி, பாட்டுகளைக் குறைத்து, ‘புதுப்பித்த எச்.டி. பிரதி’ என்று பெயர் வைத்து வெளியிடுவதை வழக்கமாக்கிவிட்டீர்கள். இந்த வெட்டில் மற்ற எவரையும்விட அதிகம் இழந்தவர் நடிகை டி. ஆர். ராஜகுமாரி. இரண்டாம் உலகப் போரின்போதும் அதை ஒட்டியும் வந்த அவருடைய படங்களை இந்தக் கோலத்தில் வெளியிடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறோம். எது கெடுகிறது, ஏன் கெடுகிறது, சரியாகச் செய்ய என்ன வேண்டும் என்பதையெல்லாம் பழைய ரீல்களோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில் விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் பிரேம், அதாவது சுருளில் வரிசையாகப் பதிந்திருக்கும் ஒவ்வொரு தனிப் படம். அந்தக் காலத்துப் படத்தின் அகலமும் உயரமும் 1.37க்கு 1 என்ற கணக்கில் இருக்கும். இன்றைய திரை 1.78க்கு 1. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வராமல் பழைய பிரேமைக் கொண்டு புதிய திரையை நிரப்பினால், உயரத்தில் நூற்றுக்கு 23 பங்கு போய்விடும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் இந்த வெட்டு பலர் கண்ணில் படாமலேகூடப் போகலாம். நாட்டியக் காட்சி அப்படியல்ல. ஆடுபவரின் உச்சிமுதல் உள்ளங்கால்வரை தெரியவேண்டும் என்பதற்காகவே ஒளிப்பதிவாளர் கேமராவைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அவர் விட்டது சிறிது இடம்தான். நடுவைப் பிடித்துச் சமமாக வெட்டினால் நெற்றியும் பாதமும் போகும். முகமாவது முழுசாக இருக்கட்டும் என்று பிரேமை மேலே ஏற்றினால், கீழே கெண்டைக்காலின் பாதியோடு ஆள் முடிந்துவிடுகிறார். சலங்கைச் சத்தம் கேட்கும், சலங்கை தெரியாது.

வெட்டாமல் இழுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதில் முகம் நூற்றுக்கு 30 பங்கு அகலமாகிறது. ராஜகுமாரியின் முகவாக்கை ஒருமுறை சரியான அளவில் பார்த்தவர்களால் அதைச் சகிக்க முடியாது.

யாருடைய படங்களை வெட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். தஞ்சாவூரில் 1922ல் ராஜாயி என்ற பெயரில் பிறந்தவர், கர்நாடக இசையில் பேர்பெற்ற தஞ்சாவூர் குசலாம்பாளின் பேத்தி. 1941ல் கே. சுப்ரமணியத்தின் ‘கச்ச தேவயானி’ அவரை ஊர்முழுக்க அறியவைத்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் ‘சதி சுகன்யா’, பி. யு. சின்னப்பாவோடு ‘மனோன்மணி’, ‘குபேர குசேலா’, எம். கே. தியாகராஜ பாகவதரோடு ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’, ஹொன்னப்ப பாகவதரோடு ‘பிரபாவதி’, ‘வால்மீகி’. அன்றைய மூன்று பெரிய பாடகர் நாயகர்களுக்கும் எதிரே ஈடுகொடுத்து நின்றவர் அவர். இந்தப் படங்கள் போர் நடந்த ஆண்டுகளிலும், அது முடிந்த கையோடும் வந்தவை.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் கைக்குப் போனதோடு, தமிழ்ப் படங்களுக்கு மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த சந்தை அறுந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தபின் சென்னையே காலியானது. ராஜகுமாரியின் இந்தப் படங்களில் சில சென்னைக்கு வெளியே உருவானவை: ‘மனோன்மணி’ உருவான மாடர்ன் தியேட்டர்ஸ் சேலத்தில் இருந்தது. ‘சிவகவி’யும் ‘ஹரிதாஸு’ம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை.

படம் பிடிக்கத் தேவையான கச்சா பிலிம் ஓர் அடிகூட அன்று இந்தியாவில் தயாராகவில்லை. ஊட்டியில் உற்பத்தி தொடங்கியதே 1960களில்தான். போரில் கப்பல் போக்குவரத்து குறைந்ததும் பிலிமுக்குப் பஞ்சம் வந்தது. 1943ல் அரசு அதை உரிமத்தின்பேரில் மட்டுமே வழங்கியது. முழுநீளப் படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது, முன்னோட்டம் 400 அடிக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பும் இருந்தது. அதற்குமுன் 16,000 அடி, 18,000 அடி என்று தாராளமாக ஓடிய தமிழ்ப் படம், ரீலுக்கு ஆயிரம் அடி என்ற கணக்கில் பதினொரு ரீலுக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டிவந்தது.

ராஜகுமாரியின் நடிப்பை இந்தக் கட்டுப்பாட்டோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்பது எங்கள் துணிபு. அடிக்கணக்கு குறைந்தபோது வசனம் குறைந்தது, வர்ணனைப் பாட்டு குறைந்தது. ஒரு பார்வையிலும் ஒரு கையசைவிலும் கதையை நகர்த்தத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியது. ‘ஹரிதாஸி’ல் ரம்பா என்ற தாசியாக வந்து நாயகனின் குடும்பத்தைக் குலைக்கும் பாத்திரம் அவருக்கு. ‘மன்மத லீலையை’ பாட்டில் அவர் பாகவதரை நோக்கிக் காற்றில் எறியும் முத்தத்தைப் பற்றி அன்று பேசாத வாயில்லை. அந்த இடத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். கண் முதலில் போகிறது, கை பிறகுதான் வருகிறது. விழி திரும்புவதற்கு எடுத்துக்கொள்வது ஆறேழு பிரேம், அதாவது நொடியில் கால்பங்குக்குச் சற்றுக் கூட. இந்த ஆறேழு பிரேம்தான் அவருடைய கலை. நீங்கள் செய்யும் ‘சுத்திகரிப்பு’ நேராக அதன்மேல்தான் கைவைக்கிறது.

எப்படி என்று சொல்கிறோம். பிலிமின் மணல்மணலான தோற்றத்தைப் போக்க நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள், அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டுச் சராசரி எடுக்கிறது. அசையாத சுவருக்கு அது நல்லது. வேகமாகத் திரும்பும் கருவிழிக்குக் கெடுதல்: முந்தைய பிரேமின் விழியும் பிந்தைய பிரேமின் விழியும் கலந்து, பார்வை ஒரு மங்கலான கறையாகிவிடும். அதற்குமேல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முகத்தைத் ‘துலக்கும்’ வசதியையும் போட்டுவிடுகிறீர்கள். அது மங்கிய கண்ணுக்குப் பதிலாக, தான் கற்றுவைத்திருக்கும் ஏதோ ஒரு கண்ணை வரைந்து வைக்கிறது. அதன்பிறகு திரையில் இருப்பது ராஜகுமாரியின் முகமே அல்ல. வண்ணம் பூசுவதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இத்தனையும் செய்தபின் அதையும் செய்வது, செத்த பாம்பை அடிப்பது போலத்தான்.

அடுத்து சத்தம். இதில் நடக்கும் சேதம் இன்னும் பெரிது. சங்கீதம் தெரிந்த வாசகர்களுக்கு உடனே புரியும். படம் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டது. நம் தொலைக்காட்சிக்காக அதை நாடாவுக்கு மாற்றியபோது எந்திரத்தை 25 பிரேம் வேகத்தில் ஓட்டினார்கள். வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடும்போது சுருதியும் கூடவே ஏறும்: அரைக்கட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. பாகவதர் பாடிய சுருதி ஒன்று, உங்கள் பிரதியில் கேட்பது வேறொன்று. ஆட்டத்தின் காலப்பிரமாணமும் அந்த அளவுக்கு ஓடுகிறது, நிதானமாக விழவேண்டிய அடி அவசரமாக விழுகிறது. சாருகேசி ராகத்தைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்த ‘மன்மத லீலையை’ பாட்டுக்கு இந்தக் கதி.

இதைத் திருத்துவது மிக எளிது, செலவும் இல்லை. கோப்பை 24 பிரேமுக்குத் திரும்ப இறக்கினால் போதும். அப்படி இறக்கும்போது, சுருதியை மாறாமல் பிடித்து நிறுத்தும் வசதி மென்பொருளில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறியவை, சேர்ந்தே இறங்கவேண்டும்.

இரைச்சல் நீக்கத்திலும் இதே கதைதான். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அதை இரைச்சல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அப்போது சுருதிப்பெட்டியின் இழையும் தம்புராவின் இழையும் இரைச்சலோடு சேர்ந்து துடைபடும். ‘டிக் டிக்’ என்று தெறிக்கும் கீறல் சத்தத்தை எடுக்கும் கருவியோ, சலங்கையையும் ஜால்ராவையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். அந்தக் காலத்து ஒலித்தடத்தில் உச்ச ஒலிகள் குறைவாகத்தான் பதிந்திருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்துவிட்டால் ‘ச’வும் ‘ஸ’வும் காதில் விழாது. கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், கேட்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

ஒட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரிண்ட் அறுந்தால் ஆபரேட்டர் ஒன்றிரண்டு பிரேமை வெட்டிவிட்டு ஒட்டுவார். 35 மி.மீ. பிரிண்டில் ஒலித்தடம் அதற்குரிய படத்துக்கு 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஆகவே ஒட்டு ஓடும்போது முதலில் படம் துள்ளும், முக்கால் நொடிக்குச் சற்றுப் பின்னால் சத்தம் துள்ளும். இது தெரியாத எடிட்டர் இவற்றை இரண்டு தனிப் பழுதுகள் என்று நினைத்து, இரண்டு இடத்திலும் படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வெட்டுகிறார். இழப்பு இரட்டிப்பாகிறது, தாளக்கணக்கு இரண்டு இடத்தில் உடைகிறது. செய்யவேண்டியது, அதே படத்தின் இன்னொரு பிரிண்டைத் தேடிப்பிடித்து அந்த இடத்தை நிரப்புவது. இரண்டு பிரிண்டுகள் ஒரே இடத்தில் அறுந்திருப்பது அபூர்வம். ரீலின் முனைகள் மட்டும் விலக்கு: மாட்டுவதும் கழற்றுவதுமாக எல்லாப் பிரிண்டிலும் தேய்வது அந்த இடம்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் 1944 தீபாவளிக்கு வந்து, மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் ரீல் முனைகள் என்ன பாடுபட்டிருக்கும்! பிலிம் பஞ்சத்தில் எடுத்த பிரிண்டுகளே குறைவு, ஆகவே ஒவ்வொன்றும் நார்நாராகும்வரை ஓடியது. அப்படித் தப்பிவந்ததை இன்று நீங்கள் மேலும் குறைக்கிறீர்கள்.

எவ்வளவு குறைத்தீர்கள் என்று யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. 11,000 அடிப் படம் சரியான வேகத்தில் 122 நிமிடம் 13 நொடி ஓடும். 25 பிரேம் வேகத்தில் ஓடினால் 117 நிமிடம் 20 நொடி. உச்சவரம்பு இருந்த காலத்தில் தயாரிப்பாளர்கள் கிடைத்த அடியை மிச்சம் வைக்க விரும்பியிருக்கமாட்டார்கள். அப்படியிருக்க, அந்தக் காலத்துப் படம் ஒன்று 95 நிமிடமோ 100 நிமிடமோ ஓடினால், அதில் இரண்டு ரீல் அளவுக்குக் காணவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்கவேண்டும். தணிக்கைச் சான்றிலும் பாட்டுப் புத்தகத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பாட்டு போயிற்று என்பதும் தெரிந்துவிடும். படம் ‘போரடிக்கிறது’ என்று பாட்டை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் கைவைப்பது நாயகியின் ஆட்டத்தில்தான். நாயகர் பாட்டுக்கு ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம் இருக்கிறது. ராஜகுமாரிக்காகச் சண்டைக்கு வர ஆள் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

இவ்வளவுக்கும் அடியில் இருக்கும் காரணம், மூலப் பிரதிக்குப் போகாமல் இருப்பதுதான். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த நாடா, அதிலிருந்து வி.சி.டி., அதிலிருந்து இன்றைய ‘எச்.டி.’ என்று நகலின் நகலைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வி.சி.டி.யின் அளவு 352க்கு 288 புள்ளிதான். அதை எத்தனை மடங்கு ஊதினாலும் இல்லாத விவரம் வராது.

ரீல் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1940களின் அசல் பிலிம் நைட்ரேட் என்ற பழைய வகை என்றால் அதை உங்கள் கிடங்கில் ஒருநாள்கூட வைத்திருக்கக்கூடாது. அது எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். படம் பழுப்பேறி, சுருள் பிசுபிசுத்து, கொப்புளம் கட்டினால் அடுத்த கட்டம் பழுப்புத் தூள்தான். ஆனால் இன்று பலரிடம் இருப்பது, பின்னாளில் மறுவெளியீட்டுக்காக அசிடேட் என்ற வேறு வகைப் பிலிமில் எடுத்த டூப் (நகல்) நெகடிவும் பிரிண்டும். அதன் எதிரி வெப்பமும் ஈரமும். மூடியைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அமிலத்தைக் காட்டும் சோதனைத் தாளைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். நீலம் மாறிப் பச்சையும், பச்சை மாறி மஞ்சளுமானால் நிலைமை முற்றிவிட்டது. வாசனை அடிக்கும் பெட்டியை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். அந்த ஆவி பக்கத்துப் பெட்டிகளையும் கெடுக்கும்.

பிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதையும் அளக்கவேண்டும். பிரிண்டின் ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகளில் நூறு துளைகளின் நீளம் 475 மி.மீ. இருக்கவேண்டும். சமதளத்தில் படியவைத்து அளந்தால் 470க்கும் குறைவாக வந்தால், நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கிறது. அதைப் பல்சக்கரம் உள்ள எந்திரத்தில் ஏற்றாதீர்கள், துளை கிழிந்துவிடும். பல்லில்லாமல் உருளைகளில் நகர்த்தும் ஸ்கேனரில்தான் எடுக்கவேண்டும். எடுக்கும்போது பிரேமை மட்டுமல்ல, துளைவரை முழு அகலத்தையும் எடுங்கள். எவ்வளவு வெட்டலாம் என்ற முடிவை ஸ்கேன் செய்பவரிடம் விடாதீர்கள்.

‘படம் எங்களுடையது, என்ன வேண்டுமானாலும் செய்வோம்’ என்று சிலர் சொல்கிறீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்துக்குப் பாதுகாப்பு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. இந்தக் கணக்கில் 1944ல் வந்த படத்தின் காலம் 2004 முடிவோடு தீர்ந்தது. இன்று உங்கள் கையில் இருப்பது சுருள். அதைப் பிறர் பார்க்க முடியாமல் பூட்டிவைக்கும் வலிமை உங்களுக்கு இருக்கிறது. படத்தையே மாற்றி எழுதிவிட்டு அதுதான் மூலம் என்று சொல்லும் நியாயம் இல்லை.

பெயரிலும் அநியாயம் நடக்கிறது. இந்தப் படங்களைப் பாகவதர் படம், சின்னப்பா படம் என்ற தலைப்பில்தான் ஏற்றுகிறீர்கள். தொடக்கத்தில் வரும் பெயர்ப்பட்டியலை வெட்டிவிட்டு உங்கள் சின்னத்தைப் போடுகிறீர்கள். அதனால் ‘ஹரிதாஸி’ல் மனைவியாக வரும் என். சி. வசந்தகோகிலம் எவர், ராஜகுமாரி எவர் என்றுகூடத் தெரியாமல் படத்தொகுப்புகளில் பெயர் மாறிக் கிடக்கிறது. ‘ஹரிதாஸ்’ வெளியான அதே ஆண்டிலேயே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார், 1947ல்தான் விடுதலையானார். அந்த இடைவெளியிலும் ராஜகுமாரியின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. 1948ல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’ அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரிலேயே வந்தது. தம்பி டி. ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து தயாரிப்பாளரானார், தியாகராய நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் நடத்தினார். நாயகரின் பெயருக்குப் பின்னால் ஒரு வரியில் ஒதுக்கிவிடக்கூடியவர் அல்லர் அவர்.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இது. 1941 முதல் 1946 வரை வந்த ராஜகுமாரியின் படங்களில் எதெது உங்களிடம் இருக்கிறது, நெகடிவா பிரிண்டா நாடாவா, எத்தனை ரீல், எந்த நிலையில் என்ற பட்டியலை ஆறு மாதத்துக்குள் வெளியிடுங்கள். ஒருவரிடம் மூன்றாம் ரீலும் இன்னொருவரிடம் எட்டாம் ரீலும் இருந்தால், அது பட்டியல் வந்தால்தான் தெரியும். நைட்ரேட் சுருள் எதுவாக இருந்தாலும், குளிர்க்கிடங்கு உள்ள புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு உடனே தெரிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் அனுப்புங்கள்.

வெட்டியும் இழுத்தும் ஏற்றிய பிரதிகளை இறக்கிவிட்டு, பக்கப் பட்டைகளோடு முழு பிரேமும் தெரியும் பிரதிகளை ஏற்றுங்கள். 25 பிரேம் வேகத்தில் இருப்பவற்றை 24க்குத் திருத்துங்கள். முகத்தை மாற்றி வரையும் மென்பொருளை இந்தப் படங்களில் பயன்படுத்தாதீர்கள். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் அதைப் பிரதியின் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லுங்கள். பாட்டோ காட்சியோ கிடைக்கவில்லை என்றால் எந்த ரீலில் எவ்வளவு அடி இல்லை என்று அந்த இடத்திலேயே போடுங்கள், மழுப்பி ஒட்டாதீர்கள். அசல் பெயர்ப்பட்டியலைத் திரும்ப வையுங்கள், தலைப்பில் டி. ஆர். ராஜகுமாரியின் பெயரையும் சேருங்கள். புதிதாக ஸ்கேன் எடுக்கும்போது எதையும் திருத்தாத மூலக் கோப்பின் ஒரு நகலைக் காப்பகத்தில் கொடுத்துவையுங்கள்.

பணம் போதாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யமுடியாவிட்டால் ‘ஹரிதாஸி’ல் தொடங்குங்கள். உங்களில் யாரிடமெல்லாம் அதன் பிரிண்ட் இருக்கிறதோ, அவர்கள் எல்லோரும் ரீல்களை ஒரே மேசையில் வைத்து ஒப்பிட ஒப்புக்கொள்ளுங்கள். அடிகளை எண்ணவும், ஒட்டுகளைக் குறிக்கவும், பாட்டுப் புத்தகத்தோடு சரிபார்க்கவும் நாங்கள் கூலியில்லாமல் வந்து வேலை செய்கிறோம்.

இப்படிக்கு,
பழைய தமிழ்ப் படச் சுருள்களைப் பராமரிப்போர்